‘ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, சார்!’

வேலைக்கான நேர்முகப் பேட்டிக்குப் போகும் பிள்ளையை நாம் எப்படி அனுப்பி வைக்கிறோம்? சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறோம். நெற்றியில் திருநீறு பூசி விடுகிறோம். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக் கையில் தருகிறோம். வாசற்படி தாண்டும்போது, “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பெரியவங்ககிட்ட அடக்கமா பேசு. உன் பெருமையெல்லாம் பேசாதே!” என்று புத்தி சொல்கிறோம்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தக் கடைசிப் புத்திமதியே சில வேளைகளில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வேலையைப் பறித்துவிடுகிறது என்றால் நம்புவீர்களா?

நான் நம்புகிறேன். அப்படிப் பறித்தவர்களில் நானும் ஒருவன்.

மேசைக்கு இந்தப் பக்கம்

நான் பால்மரம் வெட்டிய தாயின் பிள்ளை. படித்து, பட்டணத்துக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள், ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் கேள்வி கேட்பார். மூவரும் தனித்தனியே புள்ளி போடுவோம். வருகிறவர் எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தாம்.

2022-ஆம் ஆண்டில் ஒரு நாள், சிலாங்கூரிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எஸ்.பி.எம். முடித்து, சமூகக் கல்லூரியில் சான்றிதழும் வாங்கியிருந்தாள். ஸ்டோர் கிராணி வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். சுத்தமான கையெழுத்து, மரியாதையான பேச்சு. முதல் கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. “நீங்கள் சந்தித்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். அதை எப்படித் தீர்த்தீர்கள்?”

பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, “அப்படி ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, சார்” என்றாள்.

கேட்டவர் விடவில்லை. “சின்னதாக ஏதாவது?” என்றார்.

“நான் எல்லாரோடும் நல்லா பழகுவேன், சார். கடுமையா உழைப்பேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்.”

அந்தக் கேள்விக்கு நேரே என் பேனா ஒரு சைபர் போட்டது. துணைக் கேள்வி கேட்டு அவளைப் பேச வைக்க எனக்கு உரிமை இருந்தது. நான் கேட்கவில்லை. மணி பன்னிரண்டரை. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

கோயில் திண்ணையில் கேட்ட கதை

சில மாதங்கள் சென்றன. உறவினர் ஒருவர் அழைத்ததால் ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்து நின்றாள் அதே பெண்! அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. “சாப்பிடுங்க சார்” என்று அப்பளமும் வைத்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவள் தாயார் பேச்சுக் கொடுத்தார். பேச்சு 2021 டிசம்பர் மாத வெள்ளத்தில் வந்து நின்றது. சிலாங்கூரை மூழ்கடித்த அந்த வெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தோட்டத்திலும் லயத்து வீடுகளில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. குடும்பங்கள் எல்லாம் மேட்டிலிருந்த தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் போய்த் தங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்தான் இன்னொரு பிரச்சினை தெரிந்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் 9 பேர். மாத்திரைகள் வெள்ளத்தோடு போய்விட்டன. யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. “வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு” என்கிறார்கள்.

இந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போயிருக்கிறாள். சிலர் அடையாள அட்டையோடு கிளினிக் அட்டையையும் மடியில் வைத்திருந்தார்கள். அவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். அட்டை இல்லாதவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டாள். மண்டபத்தில் ‘லைன்’ இல்லை. பள்ளிக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறி நின்று கிளினிக்குக்குப் பேசி, எல்லா விவரங்களையும் அனுப்பினாள். மறுநாள் மதியம் மீட்புப் படகில் மருந்து வந்து சேர்ந்தது.

அதோடு அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்காகக் காலை மாத்திரையில் ஒரு சூரியனும் இரவு மாத்திரையில் ஒரு நிலாவும் வரைந்து கொடுத்தாளாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டோர் கிராணிக்கு வேண்டியது இதுதானே! எது இருக்கிறது, எது இல்லை, யாருக்கு எது வேண்டும், தப்பாமல் எப்படிப் போய்ச் சேர வேண்டும்!

அவளைக் கூப்பிட்டு, “ஏம்மா, அன்னிக்கு இதைச் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

அவள் விழித்தாள். “அதெல்லாம் பிரச்சினைன்னே தோணலையே, சார். யாரா இருந்தாலும் செஞ்சிருப்பாங்க.”

ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?

இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் விமானிகளைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தது. பயிற்சியில் கழித்து விடப்பட்ட 1,000 பேரின் குறிப்புகளை உளவியல் அறிஞர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஏன் கழித்தோம் என்பதற்கு அதிகாரிகள் எழுதியிருந்த காரணங்களில் பல, ‘சுபாவம் பொருந்தவில்லை’, ‘நிதானம் போதவில்லை’, ‘முன்னேற்றம் போதாது’ என்கிற ரகத்தில் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு அடுத்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒன்றும் புரியவில்லை.

ஆகவே, ‘குணத்தைச் சொல்லாதே, நடந்ததைச் சொல். அந்த வேளையில் அந்த ஆள் என்ன செய்தான்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த முறையை ஜான் ஃபிளானகன் என்னும் உளவியலாளர் 1954-இல் விரிவான கட்டுரையாக எழுதினார். பிறகு டாம் ஜான்ஸ் என்னும் ஆய்வாளர், இதே வழியில் பழைய நடத்தையைக் கேட்டறியும் பேட்டியையும் வாய்க்கு வந்தபடி கேட்கும் பேட்டியையும் ஒப்பிட்டு, 1982-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். வேலையில் யார் நன்றாகச் செய்வார் என்பதை முன்கூட்டிக் கணிக்க, நடத்தையைக் கேட்கும் பேட்டியே மேல் என்று கண்டார்.

‘கடுமையா உழைப்பேன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதைக் கேட்பவர் காகிதத்தில் என்ன எழுதுவார்? எழுத ஒன்றும் இல்லை. ‘மேட்டில் ஏறி நின்று கிளினிக்குக்குப் பேசினேன்’ என்றால் எழுத இருக்கிறது.

நம்மிடம் இல்லாத ‘மசாலா’வா?

மலாய்மொழியில் பிரச்சினையை ‘மசாலா’ என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகள் ஏதோ கம்பெனி, கம்ப்யூட்டர், பெரிய பணம் சம்பந்தப்பட்டது என்று மிரண்டு விடுகிறார்கள். நம் வீட்டு அம்மியில் அரைக்காத மசாலாவா? தோட்டத்தில் பிறந்த பிள்ளை விழித்தது முதல் படுக்கும் வரை பார்ப்பதே அதுதான்.

பால்மரம் வெட்டும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணி. நிரையில் முக்கால்வாசி மரம் வெட்டியாயிற்று. வானம் கறுக்கிறது. இன்னும் வெட்டுவதா? மங்கில் விழுந்த பாலையாவது காப்பாற்றுவதா? அந்தத் தாய் உளியை வைத்துவிட்டு வாளியைத் தூக்குகிறார். கடைசியில் வெட்டிய மரத்துக்குப் போகவில்லை. அங்கே பால் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். முதலில் வெட்டிய மரங்களுக்கு ஓடுகிறார். அங்கேதான் மங்கு நிறைந்திருக்கும். மழை கொட்டும்போது இரண்டு வாளிப் பால் கொட்டகை சேர்ந்துவிட்டது. மற்றது மழையோடு போயிற்று.

இதற்கு அந்தத் தாய் வைக்கும் பெயர் ‘பொழப்பு’. பேட்டி மேசையில் இதற்குப் பெயர் ‘பிரச்சினைக்குத் தீர்வு காணும் ஆற்றல்’!

நான்கு படிகள்

இத்தகைய கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு படிகள் உண்டு. ஆங்கிலத்தில் நான்கின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஸ்டார்’ முறை என்பார்கள். நாம் தமிழிலேயே மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதல் படி, நிலைமை. எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது? இரண்டு மூன்று வாக்கியம் போதும்.

இரண்டாம் படி, பொறுப்பு. அதில் உன் தலையில் விழுந்தது எது? ஒரு வாக்கியம்.

மூன்றாம் படி, செயல். நீ என்ன செய்தாய்? முதலில் எது, பிறகு எது, ஏன் அப்படி? பதிலில் பாதிக்கு மேல் இதுவாகவே இருக்க வேண்டும்.

நான்காம் படி, பலன். கடைசியில் என்ன ஆயிற்று? எண்ணிக்கை இருந்தால் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். சரிப்படாமல் போனது இருந்தால் அதையும் சொல்லலாம். அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு வாக்கியத்தில் முடிக்கலாம்.

எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் முதல் படியிலேயே ஒன்றரை நிமிடம் நின்றுவிடுகிறார்கள். மழை எப்படிப் பெய்தது, யார் யார் அழுதார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ‘அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு, சார்’ என்று முடிக்கிறார்கள். சரியாக்கியது யார் என்பது கேட்டவருக்குத் தெரியாமலே போகிறது.

ஒரே கேள்வி, இரண்டு பதில்கள்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிகள் அடைக்கப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று. பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. இதைப் பற்றி ஒரு பிள்ளை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

“அந்த நேரத்துல ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. எங்க வீட்ல ஒரு போன்தான். நாங்க எல்லாரும் விட்டுக் கொடுத்து, ஒத்துமையா இருந்து சமாளிச்சோம்.”

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புள்ளி போட இடம் எங்கே? அதே பிள்ளை இப்படியும் சொல்லலாம்:

“அப்போது நான் நான்காம் படிவம். தம்பி முதலாம் படிவம், தங்கை நான்காம் ஆண்டு. வீட்டில் அம்மாவின் போன் ஒன்றுதான் இருந்தது. முதல் இரண்டு வாரத்தில் தம்பி பல பாடங்களைத் தவறவிட்டான். மூத்தவள் என்பதால் அம்மா என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் முதலில் மூன்று பேருடைய பாட நேரங்களையும் ஒரே தாளில் எழுதினேன். எந்தெந்த நேரத்தில் மோதுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஆசிரியர்களுக்கு எழுதி, எந்தப் பாடத்துக்கு அந்த நேரத்திலேயே இருக்க வேண்டும், எதைப் பிறகு செய்து அனுப்பலாம் என்று கேட்டேன். நேரத்திலேயே இருக்க வேண்டிய பாடங்களுக்குப் போனை முதலில் கொடுத்தேன். என் வீட்டுப்பாடத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். அதன்பிறகு தம்பி வாரத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம்தான் விட்டான். தங்கையின் ஒரு பாடம் மட்டும் கடைசி வரை சரிப்படவில்லை. அதற்கு அவள் ஆசிரியை தாளில் பயிற்சி கொடுத்தார். சண்டையைத் தீர்ப்பதற்கு முன்னால் எது அவசரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அதில் கற்றுக்கொண்டேன்.”

வீடு அதே வீடு; போன் அதே போன். இரண்டாம் பதிலில் ஒரு ஆள் தெரிகிறாள். நாளைக்கு இவளை ஓர் அலுவலகத்தில் உட்கார வைத்தால் என்ன செய்வாள் என்று நமக்கே புரிகிறதல்லவா?

‘நாங்க’ என்னும் திரை

நம் வழக்கத்தில் ‘நான்’ என்று சொல்லக் கூச்சம். ‘நாங்க செஞ்சோம்’ என்றே வாய் வரும். லயத்தில் பத்துப் பேரோடு வாழ்ந்து பழகிய நல்ல குணம் அது. ஆனால் பேட்டியில் அது ஒரு திரை போல் விழுந்து பிள்ளையை மறைத்துவிடுகிறது. ‘நாங்க’ என்பதில் இந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

‘நான்’ என்று சொல்வது கர்வம் ஆகாது. மற்றவர் பங்கை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு, நம் பங்கை நமக்கு எடுத்துக்கொள்வதுதான் முறை. ‘படகைக் கொண்டு வந்தவர்கள் மீட்புக் குழுவினர். மருந்துப் பட்டியலைத் தயாரித்தது நான்.’ இதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை.

பொய் மட்டும் வேண்டாம்

அண்ணன் கதையையோ சிநேகிதியின் கதையையோ தன் கதையாகச் சொல்லலாமா? கூடவே கூடாது. பேட்டி எடுப்பவர்கள் துணைக் கேள்வி போடுவார்கள். “எத்தனை பேர்? முதலில் யாரிடம் பேசினாய்? மறுபடி நேர்ந்தால் எதை மாற்றிச் செய்வாய்?” தான் நின்ற இடத்தைப் பற்றிக் கேட்டால் பிள்ளைக்குப் பதில் தானாக வரும். நிற்காத இடம் என்றால் மூன்றாவது கேள்வியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சில பேட்டிகளில், “நீ செய்த ஒரு தவற்றைச் சொல்” என்பார்கள். ‘தவறே செய்ததில்லை’ என்பது வேலைக்கு உதவாத பதில். கடையில் பகுதிநேர வேலை பார்த்தபோது கணக்கில் பிசகியதா? அதை எப்போது கண்டுபிடித்தாய், யாரிடம் போய்ச் சொன்னாய், மறுபடி வராமலிருக்க என்ன செய்தாய் என்று சொல்ல வேண்டும். மறைக்காமல் போய்ச் சொன்னாய் என்பதே பெரிய புள்ளி.

இன்னும் சிலர், “இப்படி நடந்தால் என்ன செய்வாய்?” என்று நடக்காததைக் கேட்பார்கள். அப்போதும் படிப்படியாகவே சொல்லலாம். முதலில் ஆளுக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பேன், பிறகு விவரம் கேட்பேன், என் கையில் முடிந்ததைச் செய்வேன், முடியாததை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்வேன் என்ற வரிசை எந்த வேலைக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். பழைய முதலாளியையோ, தண்டலையோ, ஆசிரியரையோ திட்டி முடிக்கும் கதை வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய துக்கங்களையும் மேசையில் கொட்டிவிட்டு வர வேண்டியதில்லை. சொல்வதற்கு வேறு கதைகள் நிறைய உண்டு.

பெற்றோர் செய்யக்கூடியது

“எங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, பேட்டியும் தெரியாது. நாங்க என்ன சொல்லிக் கொடுக்கிறது?” என்று பெற்றோர் கேட்கலாம். உங்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளை மறந்துவிட்ட காரியங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண்ணின் வெள்ளக் கதையை எனக்குச் சொன்னது அவள் தாயார்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து சம்பவங்களை எழுதச் சொல்லுங்கள். போதிய வசதி இல்லாமல் முடித்த காரியம் ஒன்று. அவசரத்தில் முடிவெடுத்தது ஒன்று. மற்றவரோடு கருத்து மாறுபட்டுப் பிறகு சரிசெய்தது ஒன்று. ஒரே நேரத்தில் பல வேலை வந்தது ஒன்று. தவறு செய்து திருத்திக்கொண்டது ஒன்று. திருவிழாத் தண்ணீர்ப் பந்தல், பள்ளி விளையாட்டுப் போட்டி, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, சாப்பாட்டுக் கடை வேலை, எதுவானாலும் சரி. பிரச்சினைகளைக் கேட்கும் கேள்விகளில் பலவற்றுக்கு இந்த ஐந்தில் ஒன்று பொருந்தும்.

பிறகு, இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை எதிரே உட்கார வைத்துத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டே கேள்வி கேட்டால் போதும். ‘அப்புறம்?’ என்று ஒன்று. ‘அதிலே நீ என்ன செஞ்சே?’ என்று மற்றொன்று. தமிழில் ஒழுங்காக வந்துவிட்டால், மலாயிலும் ஆங்கிலத்திலும் எளிய சொற்களால் சொல்லிப் பழகலாம். மனப்பாடம் வேண்டாம், ஒரு சொல் மறந்தால் எல்லாம் மறந்துவிடும். நான்கு படிகள் மட்டும் நினைவில் இருந்தால் போதும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லும்படி மரியாதையாகக் கேட்கலாம். பத்து விநாடி யோசிப்பதும் குற்றம் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். அன்று கோயில் திண்ணையில் அவளை உட்கார வைத்து, வெள்ளக் கதையை நான்கு படிகளில் சொல்லச் சொன்னேன். முதல் தடவை முழுக்க ‘நாங்க’. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவைதான் மெதுவாக, “நான்… நான் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன்” என்று வந்தது. பக்கத்தில் நின்ற தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவள் ஒரு மருந்துக் கிடங்கு வேலைக்குப் பேட்டிக்குப் போனாள். சூரியனும் நிலாவும் வரைந்த இடத்துக்கு வந்ததும், கேள்வி கேட்டவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். இன்றைக்கு அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ‘ஒரு பிரச்சினையும் வந்ததில்லை’ என்று சொல்லக்கூடியவர்தான். இன்றிரவே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்: “அன்னிக்கு அதை நீ எப்படிச் செஞ்சே?”